விடிகாலை மூன்று மணிக்கு யாருக்காக நீரூற்று?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வந்திருந்தது. நடைப்பயிற்சிக்குப் போன ஒருவர், பூங்காக் குளத்து நீரூற்று விடிகாலை நாலரை மணிக்கு ஆளே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கொதித்துப்போய் எழுதியிருந்தார். பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை, யாருக்காக இந்தக் கூத்து, கரண்டும் தண்ணீரும் பாழ், பேசாமல் இவற்றையெல்லாம் மூடிவிட்டால் என்ன என்று கேட்டிருந்தார். அவர் கோபம் புரிகிறது. ஆனால் அந்த நாலரை மணி நீரூற்றைப் போட்டுவிட்டவன் என்னைப் போல ஒரு பம்பு மெக்கானிக்காகத்தான் இருப்பான். அவன் பத்திரிகைக்கெல்லாம் எழுத மாட்டான். அவனுக்காக நான் எழுதுகிறேன்.

நான் 31 வருடம் இந்த வேலை பார்த்தேன். அதில் 22 வருடம் நீரூற்றுகளோடுதான் போனது. பூங்கா, ரவுண்டானா, ஆஸ்பத்திரி முற்றம், ஆலை வாசல் என்று கை வைக்காத இடமில்லை. காலையில் போனவுடன் முதல் வேலை தாரையை நிமிர்ந்து பார்ப்பது. ஊற்று நேராக எழும்பாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நாசிலில், அதாவது தண்ணீர் பீய்ச்சும் வாயில், ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பாதி நாள் இலைக்காம்பு, பாதி நாள் உப்புப் படிவு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு குண்டூசியும் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதே பையில்தான் ஃபியூஸ் கேரியரும் இருக்கும். ஒருமுறை தொட்டிக்குள் கையை விட்டபோது முழங்கை வரை சுர்ரென்று ஏறியது. மூழ்கியிருந்த விளக்கின் கேபிள் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. அன்றிலிருந்து சுவிட்சை அணைப்பதோடு விடுவதில்லை, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவேன். வேறு யாராவது வந்து தெரியாமல் சுவிட்சைப் போட்டாலும் உயிர் என் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாலரை மணிக்கு ஏன் ஓட வேண்டும்?

குளத்துப் பாசியும் செடியும் பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஆக்சிஜனை விடும். இருட்டினால் கதை மாறிவிடும். மீன் மூச்சு விடுகிறது, பாசியும் மூச்சு விடுகிறது, அடியில் மக்கும் இலைதழையும் தன் பங்குக்கு ஆக்சிஜனை இழுக்கிறது. எல்லோரும் எடுக்கிறார்கள், போடுவதற்குத்தான் ஆள் இல்லை. இப்படி ராத்திரி முழுக்கக் குறைந்துகொண்டே வந்து, பொழுது விடிவதற்குச் சற்று முன்னால் ஆக்சிஜன் ரொம்பவும் கீழே போய்விடும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனே சுமார் ஏழரை மில்லிகிராம்தான். அது இரண்டு மூன்றுக்கு இறங்கினால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்க்கிறவர்கள் மீன் விளையாடுகிறது என்பார்கள். அதற்கு மூச்சுத் திணறல்.

நீரூற்று செய்வது இதுதான்: தண்ணீரைத் துளித்துளியாக உடைத்துக் காற்றில் வீசுகிறது. துளி சின்னதாக ஆக ஆகக் காற்று படும் பரப்பு கூடும். விழும்போது கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். மூன்று ஹெச்.பி. மோட்டார் மூன்று மணி நேரம் ஓடினால் ஏழெட்டு யூனிட் ஆகும். அவ்வளவுதான் செலவு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பூங்காக் குளத்தில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர், டைமரை மூன்றிலிருந்து ஆறுக்கு வைத்துவிட்டு, "தம்பி, சாயந்திரம் ஓடுறது ஜனத்துக்கு, இது மீனுக்கு. இதுல கை வைக்காத" என்று சொல்லிவிட்டு ஓய்வு பெற்றுப் போனார். நானும் கை வைக்கவில்லை. சில வருடம் கழித்துப் புதிதாக வந்த மேலதிகாரி ஒருவர் டைமரைப் பார்த்துவிட்டார். நீங்கள் வெளியிட்ட கடிதத்தில் இருந்த அதே கேள்விதான்: யார் பார்க்க இது ஓடுகிறது? எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். கொடுத்தேன். மீன் கதையெல்லாம் வேண்டாம், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும் ஓடினால் போதும் என்று உத்தரவு வந்தது.

காற்றே இல்லாத புழுக்கமான வாரம் அது. வானம் மூடிக்கொண்டே கிடந்ததால் பகலிலும் பாசிக்குச் சரியாக வெயில் கிடைக்கவில்லை. ஒன்பதாவது நாள் காலை நான் போனபோது வடக்குப் படிக்கட்டு ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஒதுங்கியிருந்தது. எல்லாம் பெரிய மீன்கள். ஆக்சிஜன் பஞ்சத்தில் பெரியதுதான் முதலில் போகும், சின்னதுகள் மேல் மட்டத்தில் எப்படியோ தாக்குப்பிடிக்கும். கைவலையால் அள்ளி அள்ளி இரண்டு டிரம் நிறைந்தது. அதற்கு யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. உத்தரவையும் ரத்து செய்யவில்லை. டைமரை நானே மறுபடி மூன்று மணிக்குத் திருப்பி வைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பராமரிப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு உதவும். நீரூற்று ரொம்ப நாள் நின்று கிடந்தால், எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் போடாதீர்கள். அடியில் தேங்கிய நாற்றத் தண்ணீர் ஒரேயடியாக மேலே கலந்தால் இருக்கிற மீனும் போய்விடும். முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று மெதுவாகக் கூட்டுங்கள்.

நீரூற்று என்றாலே ஆடம்பரம் என்ற நினைப்பு பிற்பாடு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு கண் டாக்டர் திட்டும் அளவுக்கு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்தக் காலத்தில் ஊற்று என்றால் தெருக்குழாய். இத்தாலியில் இருந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெயியில் தெருமுனைக்குத் தெருமுனை, நாற்பது கல் தொட்டிகள் போல இருந்திருக்கின்றன. குழாய் வாயில் ஒரு முகமோ விலங்குத் தலையோ செதுக்கியிருப்பார்கள், அலங்காரம் அவ்வளவுதான். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் ஒரு கையை விளிம்பில் ஊன்றிக் குனிந்து குனிந்து, அந்த இடத்தில் கல்லே குழிந்துவிட்டது. இன்றும் படங்களில் பார்க்கலாம். மேட்டிலிருந்து வரும் தண்ணீரின் பிரஷர் குழாயைப் பிய்த்துவிடாமல் இருக்க, நடுநடுவே ஆறு மீட்டர் உயரத்துக்குத் தூண் எழுப்பி அதன் மேல் ஈயத் தொட்டி வைத்துத் தண்ணீரை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். மோட்டார் இல்லாத காலத்தில் இதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ரோமில் கி.பி. 97இல் தண்ணீர் விநியோகத்துக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ் என்பவர் தன் வேலையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அதில் தொட்டிகளில் நிரம்பி வழியும் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வருகிறது. அது வீண் இல்லை, நகரம் சுத்தமாக இருக்கவும் சாக்கடையைக் கழுவித் தள்ளவும் அது வேண்டும் என்கிறார். ராத்திரி ஆளில்லாத நேரத்திலும் வழிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

என் தொழிலில் பெரிய தலைவலி எது என்று கேட்டால், வரிசையாக நிற்கும் ஊற்றுகளை ஒரே உயரத்தில் எழும்ப வைப்பது. பம்புக்குப் பக்கத்தில் இருப்பது குதிக்கும், கடைசியில் இருப்பது துப்பும். ஒவ்வொரு வால்வாகத் திருகித் திருகிச் சரிசெய்வதற்குள் பொழுது போய்விடும். தாஜ்மகாலில் இதற்கு ஒரு வேலை செய்திருக்கிறார்கள். யமுனைத் தண்ணீரை மாடு கட்டிக் கயிறும் தோல்சாலும் வைத்து உயரத் தொட்டிகளுக்கு ஏற்றி, அங்கிருந்து மண்ணுக்கடியில் குழாய் வழியாகக் கொண்டுவந்தார்கள். கால்வாயில் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு ஊற்றுக்கும் அடியில் ஒரு செம்புப் பானை. தண்ணீர் முதலில் பானைகளை நிரப்பும், அப்புறம்தான் மேலே ஏறும். அதனால் முதல் ஊற்றும் கடைசி ஊற்றும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் எழும்பும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடடா, இது தெரியாமல் எத்தனை வால்வைத் திருகியிருக்கிறோம்!

பிரான்சின் வெர்சாய் அரண்மனைக் கதை வேறு மாதிரி. பதினான்காம் லூயி மன்னர் மேட்டு நிலத்தில் அரண்மனையைக் கட்டிவிட்டு, கணக்கில்லாத ஊற்றுகளையும் வைத்துவிட்டார். தண்ணீருக்கு எங்கே போவது? 1684இல் சேன் நதியில் 14 பிரம்மாண்டச் சக்கரங்களும் 220க்கு மேற்பட்ட பம்புகளும் வைத்து 150 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றினார்கள். அப்படியும் எல்லா ஊற்றும் ஒரே நேரத்தில் ஓடப் போதவில்லை. அதனால் மன்னர் தோட்டத்தில் உலாவும்போது ஊற்றுக்காரர்கள் ஒருவருக்கொருவர் விசில் அடித்துச் செய்தி சொல்வார்களாம். மன்னர் வருகிறார், திற. தாண்டிப் போய்விட்டார், மூடு.

இதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். எங்களுக்கு விசிலுக்குப் பதிலாக போன், வேறொன்றும் வித்தியாசம் இல்லை. பெரிய மனிதர் வண்டி முனை திரும்பியதும் "அண்ணே, போடுங்க" என்று ஒரு குரல் வரும். வண்டி போன இரண்டாவது நிமிடம் "நிறுத்திடுங்க". இரண்டு வாரம் சும்மா கிடந்த மோட்டாரை இப்படிப் படக்கென்று போட்டு, ஏர் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே சுற்றி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரிந்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு.

இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் என்ற மாளிகையில் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் வரப்போகிறார் என்று 1844இல் ஜோசப் பாக்ஸ்டன் ஒரு ஊற்று அமைத்தார். மலைமேல் எட்டு ஏக்கரில் ஏரி வெட்டி, மேட்டிலிருந்து விழும் வேகத்தை மட்டும் வைத்தே தாரையை 90 மீட்டர் உயரம் வரை எழுப்பினார்கள். ராத்திரியிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை நடந்ததாம். சக்கரவர்த்தி அதைப் பார்க்க வரவே இல்லை! ஆனால் ஏரி வீணாகவில்லை. 1893இல் அதே தண்ணீரில் டர்பைன் ஓட்டி மாளிகைக்கு மின்விளக்கு போட்டுக்கொண்டார்கள்.

ஜெனீவா ஏரியில் நிற்கும் அந்தப் பெரிய தாரையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காகப் பிறந்ததே இல்லை. 1886இல் அங்கே ஆற்று நீரை அழுத்தத்தோடு குழாய் வழியாகப் பட்டறைகளுக்கு அனுப்பி, அந்த விசையில் இயந்திரங்களை ஓட்டினார்கள். சாயந்திரம் தொழிலாளிகள் எல்லோரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பினால் குழாயில் பிரஷர் எகிறும். அதை வெளியே விட ஒரு வால்வு வைத்தார்கள். அதிலிருந்து 30 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. ஊர் ஜனம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. 1891இல் அதை ஏரிக்கு இடம் மாற்றி அலங்காரமாக்கினார்கள். 1951இலிருந்து 140 மீட்டர். நொடிக்கு 500 லிட்டர், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், இரண்டு பம்புகளும் சேர்ந்து 1,000 கிலோவாட். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். சின்ன ஊற்றுக்கும் இதே கணக்குதான். தாரை எவ்வளவு உயரமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது சுற்றிலும் தொட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பாதி ரோட்டில்தான்.

குளிர்ச்சியைப் பற்றிக் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகும். ஒன்றரை டன் ஏசி முழுமூச்சில் ஏழெட்டு நிமிடம் ஓடி வெளியே தள்ளும் வெப்பம் அது. ஸ்பெயினில் உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனையில் 12 கல் சிங்கங்கள் தாங்கும் ஊற்றை நடுமுற்றத்தில் வைத்ததற்கு அழகு மட்டும் காரணமாக இருந்திருக்காது. அங்கே கோடைக் காற்று காய்ந்த காற்று. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் ஊற்று வைத்தால் சட்டை முதுகில் ஒட்டுவதுதான் மிச்சம். நான் வேலை பார்த்த ஓர் ஆலையின் வாசலில் வரிசை வரிசையாகத் தண்ணீர் பீய்ச்சும் குளம் இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உள்ளே இயந்திரத்தைச் சுற்றிச் சூடாகி வந்த தண்ணீரை ஆற்றும் குளம் அது. கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் சுத்திகரிப்பு நிலையங்களில் அதையும் படிப்படியாக விழவைத்தோ மேலே தெளித்தோ காற்றில் காட்டுவார்கள். காற்று பட்டதும் இரும்பு செம்பழுப்பாகத் திரிந்து பிரியும், வடிகட்டிவிடலாம். அழுகல் முட்டை வாடையும் போய்விடும். அலங்காரம் இல்லாத நீரூற்றுதான் அதுவும்.

நியூயார்க்கில் 1967இல் திறந்த பேலி பார்க் என்ற சின்னப் பூங்காவில் பின் சுவர் முழுக்க 20 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும். அந்த இரைச்சலில் தெருவின் வாகனச் சத்தம் அமுங்கிப் போகிறது. ஆஸ்பத்திரி முற்றத்து ஊற்று ரிப்பேராகி ஒரு வாரம் நின்றபோது, அதே காரணத்துக்காக ஒரு நர்ஸம்மா தினமும் வந்து எப்போது ஓடும் என்று கேட்டது ஞாபகம் வருகிறது.

அந்த வாசகர் சொன்னதில் பாதி சரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்த நீரூற்றுகளில் பாதியை மூடியிருக்கலாம். குடிதண்ணீரை நிரப்பி, திறப்பு விழா அன்று ஓட்டி, மூன்றாம் மாதம் மோட்டார் எரிந்து, குப்பைத்தொட்டியாகக் கிடப்பவை. பாட்டுக்கு ஆடும் ஊற்றுகள் மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிரியம் கிடையாது. அதில் வால்வு அதிகம், ரிப்பேரும் அதிகம். நின்றுபோன ஊற்று சும்மாவும் நிற்பதில்லை. ஒரு வாரம் பத்து நாளில் கொசுப்புழு கொசுவாகிப் பறந்துவிடும். அதைவிடக் கெட்டது லெஜியோனெல்லா என்ற கிருமி. 1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஓட்டலில் தங்கியவர்களுக்குக் கடுமையான நிமோனியா வந்து பலர் இறந்தபோதுதான் உலகத்துக்கு அது தெரியவந்தது. 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் வளரும். பொடிச்சாரலாக மூச்சில் ஏறினால்தான் ஆபத்து. பொடிச்சாரல் போடுவதுதானே நீரூற்றின் வேலை? ஆகவே நின்று கிடந்த தொட்டியை வடித்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு ஊறவைத்த பிறகே ஓட்ட வேண்டும். மீன் இல்லாத தொட்டிக்குத்தான் குளோரின், மறந்துவிடாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டுக்கு மேல் வேண்டாம். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் யார் சிபாரிசையும் கேட்காதீர்கள்.

நீரூற்று கட்ட அனுமதி கேட்டு யார் வந்தாலும், அதைக் கழுவப் போவது யார், பழுது பார்க்கப் போவது யார் என்று அனுமதி கொடுப்பவர்கள் முதலில் கேட்கட்டும். அது செய்யப்போகும் வேலை என்ன என்று அடுத்து கேட்கட்டும். ஓடுகிற ஊற்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வைத்தாலும் போதும்: "விடிகாலை 3 முதல் 6 வரை மீன்களுக்காக ஓடும்." அது இருந்திருந்தால் அந்தக் கடிதமும் வந்திருக்காது, இதுவும் வந்திருக்காது.

அந்த வாசகர் மறுபடி அந்தப் பக்கம் நடக்கப் போனால் கையில் ஒரு டார்ச் எடுத்துப் போகட்டும். நாலரை மணிக்கு, தாரை விழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீர் மேல் அடித்துப் பார்க்கட்டும். குளத்து மீன் முக்கால்வாசி அங்கேதான் கூடியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பம்பு மெக்கானிக் ஒருவர்